நகராட்சி வரைபடம் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு வரவில்லையே, ஏன்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும்: குடியிருப்போர் சங்கத்துக்காக, உங்கள் நகராட்சியின் வார்டு எல்லை, தெரு, மழைநீர் வடிகால் மூன்றையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, தண்ணீர் தேங்கும் இடங்களை அதில் குறிக்க வேண்டும். அரசு இணையதளத்தில் வரைபடம் பளிச்சென்று தெரிகிறது. இறக்கிக்கொள்ளத்தான் பொத்தான் இல்லை. அலுவலகத்தில் கேட்டதற்கு ஒரு பிடிஎஃப் அனுப்பினார்கள். அமெரிக்காவில் கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்றது) அலுவலகங்கள் எல்லாவற்றையும் இலவசமாக அள்ளித் தருகின்றனவாமே, இங்கே தடுப்பது சட்டமா, அதிகாரிகளா?

சட்டம் தடுக்கவில்லை. அதிகாரிகளையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. நீங்கள் கேட்டது வரைபடம், அவர்கள் கொடுத்ததும் வரைபடம்தான். உங்களுக்கு வேண்டியதோ அந்த வரைபடத்துக்கு அடியில் இருக்கும் தரவு. ஜாதகக் கட்டத்தைப் போட்டோ பிடித்து வைத்திருந்தால் அதைப் பார்க்க மட்டும்தான் முடியும். பிறந்த தேதி, நேரம், ஊர் கையில் இருந்தால் கட்டத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் புதிதாகப் போடலாம். பிடிஎஃப், ஜேபெக், இணையதளத்தில் நகர்த்திப் பார்க்கும் படம் எல்லாம் போட்டோ வகை. ஷேப்ஃபைல், கேஎம்எல், ஜியோஜேசன், ஜியோபேக்கேஜ் எல்லாம் பிறந்த நேரம். இணையத்தில் வரைபடம் பரிமாறும் சேவைகளிலும் இதே பிரிவு உண்டு: டபிள்யூஎம்எஸ் என்பது கேட்ட இடத்தைப் படமாக வரைந்து அனுப்பும், டபிள்யூஎஃப்எஸ் என்பது கோடுகளையும் அவற்றோடு ஒட்டிய பெயர், எண் போன்ற விவரங்களையும் அப்படியே அனுப்பும். நம் அரசுத் தளங்களில் முதல் வகைதான் அதிகம். பொத்தான் இல்லாததன் காரணம் பல இடங்களில் இவ்வளவுதான். படத்தைக் காட்ட அமைத்த தளத்தில் தரவைக் கொடுக்க யாரும் ஏற்பாடு செய்திருக்க மாட்டார்கள். உலாவியின் பின்வாசல் வழியாக அதை உருவி எடுக்கும் வித்தைகள் இருக்கின்றன. பரிந்துரைக்க மாட்டேன். அனுமதி இல்லாமல் எடுத்ததை நாளை சங்கத்தின் பெயரில் ஆணையரிடம் மனுவாகக் கொடுக்க முடியாது.

அமெரிக்க ஒப்பீடு பாதி சரி. அங்கே சொத்துவரிக்கு மனை மதிப்பிடுவது பெரும்பாலும் கவுன்ட்டியின் வேலை. மனை எல்லை, உரிமையாளர், மதிப்பு எல்லாம் ஒரே அலுவலகத்தில், அன்றாட வேலையின் பகுதியாகப் புதுப்பிக்கப்படும். ஆகவே தரவு ஏற்கெனவே தயாராக இருக்கிறது. ஆனால் அதுவும் சும்மா வந்துவிடவில்லை. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்ட்டியில் ஏறத்தாழ 6,40,000 மனைகள் அடங்கிய தரவுத் தொகுப்பை சியரா கிளப் என்ற சூழல் அமைப்பு கேட்டபோது, கவுன்ட்டி சொன்ன பதில் உங்களுக்குப் பழக்கமானதாக இருக்கும்: பிடிஎஃப் தருகிறோம், ஜிஐஎஸ் கோப்பாக, அதாவது கணினி வரைபடத் தரவாக வேண்டுமானால் உரிமக் கட்டணம் கட்டுங்கள். அந்தக் கட்டணம் பல லட்சம் டாலர். வழக்கு அந்த மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. வரைபட மென்பொருளுக்குச் சட்டம் தரும் விலக்கு அதற்குள் இருக்கும் தரவுக்குப் பொருந்தாது, நகலெடுக்கும் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு கோப்பைக் கொடு என்றது நீதிமன்றம். நியூயார்க் நகரமும் தன் மனைத் தரவை 2013 வரை காசுக்குத்தான் விற்றது. இன்றும் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. கட்டணம் வாங்கும் கவுன்ட்டிகள் இருக்கின்றன.

நம் ஊரில் சிக்கலே வேறு. தமிழ்நாட்டில் ஒரு ஊரின் வரைபடம் ஒரே மேசையில் கிடையாது. மனை எல்லை வருவாய்த் துறையிடமும் நில அளவைத் துறையிடமும் இருக்கிறது, நகராட்சியிடம் இல்லை. நகராட்சிக்குள்ளேயே தெருவும் வடிகாலும் பொறியியல் பிரிவில், நில உபயோகப் படம் நகரமைப்புப் பிரிவில், கட்டட விவரம் சொத்துவரிக்காக வருவாய்ப் பிரிவில், வார்டு எல்லை தேர்தல் வேலை பார்க்கும் மேசையில். முழுமைத் திட்டம் நகர் ஊரமைப்பு இயக்ககம் வழியாக வரும். சென்னைப் பெருநகர்ப் பகுதியென்றால் சிஎம்டிஏ என்ற பெருநகர் வளர்ச்சிக் குழுமம். ‘நகராட்சி மேப் வேண்டும்’ என்று கேட்டால் இவர்களில் யார் முன்னால் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் தன்னிடம் இருப்பதை எடுத்து நீட்டுவார்.

இன்னொரு குழி இருக்கிறது, பலர் விழுகிறார்கள். நகர நில அளவையில் ஒவ்வொரு ஊரையும் வார்டு, பிளாக், டிஎஸ் நம்பர் (நகர அளவை எண்) என்று பிரித்திருப்பார்கள். அந்த வார்டு வேறு, கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கும் வார்டு வேறு. பத்திரத்திலும் நகர நில அளவைப் பதிவேட்டிலும் இருக்கும் வார்டைப் பார்த்துவிட்டுத் தேர்தல் வார்டுப் படத்தோடு பொருத்தினால் ஒன்றும் ஒட்டாது. கடிதத்தில் ‘உள்ளாட்சித் தேர்தலுக்கான வார்டு’ என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.

கேட்காமலே கிடைப்பவற்றை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அரசின் இ-சேவை நிலப் பதிவேட்டுத் தளத்தில் பட்டா, அ-பதிவேடு, நகர நில அளவைப் பதிவேடு, எஃப்எம்பி என்று எல்லோரும் சொல்லும் புலப்படம் ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். புலப்படத்தில் ஒரு சர்வே எண்ணின் பக்க நீளங்கள் மீட்டரில் இருக்கும். ஆனால் அந்த நிலம் பூமியில் எங்கே இருக்கிறது என்ற அட்சரேகை, தீர்க்கரேகை இருக்காது. ஒவ்வொரு புலமும் தனித்தனிக் காகிதத்தில் அளந்து வரைந்தது. பக்கத்துப் புலங்களைச் சேர்த்து வைத்தால் நடுவே இடைவெளியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும் இயல்பு. தமிழ்நாடு மின் ஆளுமை முகமையின் டிஎன்ஜிஐஎஸ் தளத்தில் புலங்களை வரைபடத்தின் மேல் பொருத்திக் காட்டுகிறார்கள். ஓர் இடத்தின் சர்வே எண் என்ன என்று கண்டுபிடிக்க அது அருமையான கருவி. வேலி எங்கே போடலாம் என்று முடிவெடுக்க அது கருவியே அல்ல. எல்லைத் தகராறென்றால் நில அளவர் வந்து அளந்து காட்டுவதுதான் செல்லும்.

தெருக்களுக்கு, தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போதும். வரைபடத் தரவைக் கையாளும் இலவச மென்பொருளான க்யூஜிஐஎஸ்ஸில் குவிக்ஓஎஸ்எம் என்ற செருகுநிரலைப் போட்டு, ஊர் பெயரும் ‘ஹைவே’ என்ற குறிச்சொல்லும் கொடுத்தால் தெருக் கோடுகள் சில நிமிடத்தில் இறங்கும். நகராட்சிக் கோப்புக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பல சிறிய ஊர்களில் நகராட்சியிடம் இருப்பதைவிட இதுவே நன்றாக இருக்கும். வார்டு எல்லைக்கு டேட்டாமீட், ஓப்பன்சிட்டி ஆகிய தன்னார்வத் தொகுப்புகளைத் தேடிப் பாருங்கள். பெரிய மாநகராட்சிகள் பல அங்கே கிடைக்கும், சிறிய நகராட்சிகளுக்கு வாய்ப்புக் குறைவு.

அங்கே எடுக்கும்போது தேதியைப் பாருங்கள். சென்னையில் 2011-இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்து 200 வார்டுகள் ஆயின. 2018-இல் வார்டு மறுவரையறை நடந்தது. எண்ணிக்கை அதே 200, எல்லைகள் மாறிவிட்டன. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது புதிய எல்லைகளின்படி. இணையத்தில் இரண்டு கோப்புமே ‘சென்னை வார்டுகள்’ என்ற பெயரோடு சுற்றுகின்றன. இரண்டிலும் 1 முதல் 200 வரை எண் இருக்கும். எந்த மென்பொருளும் பிழை என்று சொல்லாது. உங்கள் ஊரிலும் இதே கதை இருக்கலாம். சோதிக்க ஒரு வழி: மாநிலத் தேர்தல் ஆணையத்தின் வார்டுவாரி வாக்காளர் பட்டியலில் பாகந்தோறும் தெருப் பெயர்கள் இருக்கும். எல்லையோரமாகப் பத்துத் தெருக்களை எடுத்து, கோப்பில் அவை சரியான வார்டுக்குள் விழுகின்றனவா என்று பாருங்கள். பத்தில் இரண்டு தப்பினாலே கோப்பு பழையது, அல்லது யாரோ கண்ணளவில் வரைந்தது.

சட்டப்படி எது எல்லை? கோப்பும் இல்லை, பிடிஎஃப்பும் இல்லை. அரசிதழில் வெளியான அறிவிக்கைதான் எல்லை. அதில் வடக்கே இந்தத் தெரு, கிழக்கே இந்த வாய்க்கால் என்று சொற்களாகவே வார்டு வரையறுக்கப்பட்டிருக்கும். வரைபடம் அந்தச் சொற்களுக்கு யாரோ செய்த உரை. இரண்டும் முரண்பட்டால் சொல் வெல்லும். ஆகவே அறிவிக்கையின் நகலையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

இனிச் சட்டம். 2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட புவிசார் தரவு வழிகாட்டுதல்களின்படி இந்தியர்கள் வரைபடத் தரவு சேகரிக்கவோ வெளியிடவோ முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை. கிடைமட்டத்தில் 1 மீட்டர், உயரத்தில் 3 மீட்டர் என்ற துல்லிய வரம்பு பற்றிக் கேள்விப்பட்டு யாராவது உங்களைப் பயமுறுத்தினால், அந்த வரம்பு வெளிநாட்டு நிறுவனங்களைக் கட்டுப்படுத்த வந்தது என்று சொல்லுங்கள். பாதுகாப்புத் துறைகள் சேகரித்த இரகசியத் தரவு நீங்கலாக, பொதுப் பணத்தில் உருவான புவிசார் தரவு இந்தியர்கள் எல்லோருக்கும் எளிதில் கிடைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அதோடு ஒரு வால்: அரசு அமைப்புகளுக்கு இலவசம், மற்றவர்களுக்கு நியாயமான, வெளிப்படையான விலை. இலவசமாகத் தரச் சொல்லி இதைக் காட்டிச் சண்டை போட முடியாது. மேலும் இது வழிகாட்டுதல்தான். ஆணையரிடம் மேற்கோள் காட்டலாம், கட்டாயப்படுத்த முடியாது. கட்டாயப்படுத்தும் பல் இருப்பது தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-க்குத்தான்.

அந்தச் சட்டத்தில் உங்களுக்கு வேண்டியவை நான்கே இடங்கள். பிரிவு 2(ஜே), கணினியில் இருக்கும் தகவலை மின்னணு வடிவிலேயே பெறும் உரிமையையும், ஆவணங்களையும் பணிகளையும் நேரில் பார்வையிடும் உரிமையையும் தருகிறது. பிரிவு 7(9), கேட்ட வடிவிலேயே சாதாரணமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது. அலுவலக ஆற்றலை அளவுக்கு மீறித் திசைதிருப்பினால்தான், அல்லது ஆவணத்துக்கே கேடு வருமென்றால்தான் விலக்கு. இருக்கிற கோப்பைப் பென்டிரைவில் நகலெடுப்பது பிடிஎஃப் அச்செடுப்பதைவிட எளிது என்பதால் அந்த விலக்கைச் சொல்லி மறுப்பது கடினம். பிரிவு 6(3), தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் 5 நாளுக்குள் அங்கே அனுப்பிவைக்கச் சொல்கிறது. பிரிவு 9 பற்றிக் கடைசியில் வருகிறேன்.

இந்தச் சட்டம் செய்யாததும் ஒன்று உண்டு. இல்லாத தகவலை உருவாக்கித் தரச் சொல்ல முடியாது. 2011-இல் சிபிஎஸ்இ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. ‘எங்கள் வார்டு வடிகாலை ஷேப்ஃபைலாக மாற்றித் தாருங்கள்’ என்று கேட்டால் ‘அவ்வாறான ஆவணம் இல்லை’ என்ற ஒற்றை வரி வரும், அதுவும் சட்டப்படி சரியான பதில். எனவே இரண்டு மனுக்களாகப் போடுங்கள். முதல் மனுவில் கோப்பைக் கேட்காதீர்கள், பட்டியலைக் கேளுங்கள்: வார்டு எல்லை, தெரு, மழைநீர் வடிகால் பற்றிக் கணினியில் வைத்திருக்கும் கோப்புகள் எவை, எந்த வடிவம் (ஷேப்ஃபைலா, ஆட்டோகேட் வரைபடமான டிடபிள்யூஜியா), எந்த ஆண்டு தயாரித்தது, எந்த ஆயத்தொலைவு முறை (பூமியில் ஓர் இடத்தை எண்களால் குறிக்கும் முறை), எந்த ஒப்பந்தத்தின் கீழ் யார் தயாரித்தது, இப்போது எந்தப் பிரிவின் பொறுப்பில் இருக்கிறது. பதில் வந்த பிறகு இரண்டாவது மனு, அவர்கள் சொன்ன பெயரையே திருப்பிச் சொல்லி: ‘தங்கள் இன்ன தேதியிட்ட கடிதத்தில் வரிசை எண் 3-இல் குறிப்பிட்ட மழைநீர் வடிகால் டிடபிள்யூஜி கோப்பை, பிரிவு 2(ஜே)-இன்படி, தற்போது இருக்கும் அதே மின்னணு வடிவில், பிடிஎஃப்பாக மாற்றாமல், குறுந்தகட்டில் அல்லது மின்னஞ்சலில் வழங்கக் கோருகிறேன்.’ இருப்பதாக அவர்களே எழுத்தில் சொன்னதை இல்லை என்று மறுக்க முடியாது.

மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரியிட்டு, சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அல்லது மறுத்தால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாவது. சட்டத்தில் நாள் கணக்கு உறுதி, நடைமுறையில் ஆணையத்தின் விசாரணைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் வேலை முடிய வேண்டுமென்றால் அதை நம்பி இருக்காதீர்கள். பொறியாளரை நேரில் பார்த்து, வேலை என்னவென்று சொல்லிக் கேட்பதும் ஒரு வழிதான். வெட்கப்பட வேண்டியதில்லை, பல சமயம் அதுவே சீக்கிரம் முடியும்.

கோப்பு கைக்கு வந்தபின் பாதி வேலை மிச்சம் இருக்கும். ஷேப்ஃபைல் என்பது ஒரே கோப்பு என்று நினைத்துப் பெயரில் எஸ்ஹெச்பி என்று முடிவதை மட்டும் அனுப்பிவிடுவார்கள். கூடவே எஸ்ஹெச்எக்ஸ், டிபிஎஃப், பிஆர்ஜே என்று முடியும் மூன்றும் வேண்டும். எஸ்ஹெச்எக்ஸ் தொலைந்தால் மென்பொருளே மறுபடி உருவாக்கிவிடும். டிபிஎஃப் தொலைந்தால் கோடு இருக்கும், வார்டு எண்ணும் தெருப் பெயரும் போய்விடும். பிஆர்ஜே தொலைந்தால் கோடு எந்த ஆயத்தொலைவு முறையில் இருக்கிறது என்று நீங்களே ஊகிக்க வேண்டும்.

ஊகிப்பது கடினமில்லை, எண்களைப் பார்த்தாலே தெரியும். சென்னையில் ஒரு புள்ளி 80.27, 13.08 என்று இருந்தால் அது டிகிரி. 4 லட்சத்துச் சொச்சமும் 14 லட்சத்துச் சொச்சமும் இருந்தால், பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம். கிழக்கு எண் 89 லட்சத்தைத் தாண்டினால் இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர். யூடிஎம் என்றால் மண்டலத்தையும் பார்க்க வேண்டும்: 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே மண்டலம் 43, கிழக்கே 44. கோவை, திருப்பூர், ஈரோடு, நெல்லை 43-இல். சென்னை, திருச்சி, சேலம், மதுரை நகரம் 44-இல். திண்டுக்கல் மாவட்டத்தை அந்தக் கோடு ஊடறுத்துப் போகிறது. மண்டலத்தை மாற்றிக் கொடுத்தால் ஊர் ஏறத்தாழ 650 கிலோமீட்டர் தள்ளிப்போய்விடும். கோவை கடலில் மிதக்கும், உடனே கண்டுபிடித்துவிடலாம். ஆபத்தானது சின்ன விலகல்தான். பழைய நில அளவைப் படங்களின் எவரெஸ்ட் நீள்கோள அடிப்படையில் இருக்கும் படத்தை, இன்றைய ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்று நினைத்துப் போட்டால் 100 மீட்டருக்கும் மேல் நகரும். தெருக்கள் எல்லாம் ஒரே திசையில், ஒரே அளவு தள்ளி நின்றால் காரணம் அதுவாகத்தான் இருக்கும். கையால் இழுத்துப் பொருத்தாமல் ஆயத்தொலைவு முறையைத் திருத்துங்கள்.

ஜியோஜேசனில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. யாராவது பழக்கதோஷத்தில் மாற்றி எழுதியிருந்தால் உங்கள் மயிலாப்பூர் நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய பனிக்கடலில் இருக்கும்.

தமிழ்ப் பெயர்கள் தனித் தலைவலி. ஷேப்ஃபைலில் புலத் தலைப்புக்கு 10 பைட் மட்டுமே இடம். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் பிடிக்கும், காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். ஆக ‘வார்டு எண்’ என்ற தலைப்பு ‘வார’ என்பதோடு நின்றுவிடும். உள்ளே இருக்கும் உரைக்கும் 254 பைட்தான் உச்சம், அதாவது 84 குறிகள். எழுத்துகள் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ தெரிந்தால் திறக்கும்போது குறியேற்றத்தை யூடிஎஃப்-8 என்று மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியாமல் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால் வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது; எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு மாற்ற வேண்டும். வேலை முடிந்ததும் ஜியோபேக்கேஜாகச் சேமித்துவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

வெறும் பிடிஎஃப்தான் கிடைத்தது என்றாலும் மனம் தளர வேண்டாம், அதையும் பூமியில் பொருத்தலாம். 300 டிபிஐயில் படமாக மாற்றி, க்யூஜிஐஎஸ்ஸின் ஜியோரெஃபரன்சரில் திறந்து, படத்தில் ஒரு புள்ளியையும் செயற்கைக்கோள் படத்தில் அதே புள்ளியையும் மாற்றி மாற்றிச் சொடுக்க வேண்டும். கணக்குப்படி மூன்று புள்ளி போதும். நீங்கள் எட்டு முதல் பத்து வையுங்கள், நான்கு மூலைகளிலும் பரவியிருக்கட்டும். ரயில்வே கேட், பாலத்தின் முனை, நாற்சந்தியின் நடு, தெப்பக்குளத்தின் படிக்கட்டு மூலை போன்றவை நல்ல புள்ளிகள். ஏரிக்கரையும் ஆற்றோரமும் ஆகாது, தண்ணீர் ஏறி இறங்கும். இரண்டு புள்ளிகளைப் பொருத்தலில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்து, முடிந்தபின் அவை எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளந்து பாருங்கள். மென்பொருள் காட்டும் சராசரிப் பிழையைவிட அந்த எண்தான் நம்பத்தக்கது. வளைத்து நெளித்துப் பொருத்தும் ‘தின் பிளேட் ஸ்ப்லைன்’ முறையில் பிழை பூஜ்யம் என்று காட்டும், அதைக் கண்டு மகிழாதீர்கள். கொடுத்த புள்ளிகளில் பூஜ்யம், நடுவில் என்ன ஆனது என்று அது சொல்வதில்லை. எப்படிச் செய்தாலும் ஓர் உச்சவரம்பு உண்டு: 1:10,000 அளவுப் படத்தில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு தரையில் 5 மீட்டர் அகலம். தெருவின் எந்தப் பக்க வீடு எந்த வார்டு என்பதை அந்தக் கோட்டிலிருந்து முடிவு செய்ய முடியாது. அறிவிக்கையைப் படித்து, எல்லைக் கோட்டைத் தெருவின் மையக்கோட்டோடு ஒட்டவைத்துவிடுங்கள்.

வடிகால்தான் இருப்பதிலேயே கடினம். அது பெரும்பாலும் ஒப்பந்ததாரரோ ஆலோசகரோ ஆட்டோகேடில் வரைந்த டிடபிள்யூஜியாக இருக்கும். அதில் தொடக்கப் புள்ளி காகிதத்தின் மூலையாக இருக்கலாம், அலகு மில்லிமீட்டராக இருக்கலாம். அப்படியே திறந்தால் வடிகால் ஆயிரம் மடங்கு நீளமாக, எங்கோ மேற்கு ஆப்பிரிக்காவை ஒட்டிய கடலில் கிடக்கும். அளவை ஆயிரத்தால் வகுத்து, தெரிந்த இரண்டு சந்திப்புகளைக் கொண்டு நகர்த்திச் சுழற்ற வேண்டும். குழாயின் அகலம், ஆழம் எல்லாம் கோட்டோடு ஒட்டிய விவரமாக இருக்காது, பக்கத்தில் எழுதிய வெறும் உரையாக இருக்கும். ஒரு வார்டுக்கு அவற்றைக் கையால் தட்டிச் சேர்ப்பதுதான் வேகமான வழி. படத்தின் தலைப்புக் கட்டத்தைப் படியுங்கள். ‘உத்தேசிக்கப்பட்டது’ என்று இருந்தால் அது கட்டப்போவதாகச் சொன்ன வடிகால், கட்டியது அல்ல. கட்டி முடித்தபின் வரையும் ‘ஆஸ் பில்ட்’ படத்தைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

நகராட்சி தராவிட்டால் இன்னும் இரண்டு இடம் தேடலாம். மாநில அரசின் டெண்டர் தளத்தில், ஏலம் திறந்திருக்கும் நாட்களில் வடிகால் பணிகளின் ஆவணங்களோடு வரைபடங்களும் இணைந்திருக்கும். வெளிநாட்டுக் கடனில் நடக்கும் திட்டமென்றால் கடன் கொடுத்தவரின் தளத்தைப் பாருங்கள். சென்னையின் கொசஸ்தலையாறு வடிநிலத் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021-இல் 25.1 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. அந்த வங்கி தன் திட்டங்களின் சுற்றுச்சூழல் அறிக்கைகளைப் படங்களோடு வெளியிடுவது வழக்கம். நம் அலுவலகத்தில் கேட்டால் தயங்குவதை மணிலாவில் இருக்கும் வங்கி தானாகவே போட்டுவைத்திருப்பது வேடிக்கைதான்.

பிரிவு 9-க்கு வருகிறேன். ‘ஆலோசகரின் பதிப்புரிமை’ என்று சொல்லி மறுப்பது அடிக்கடி வரும் பதில். அரசு அல்லாத ஒருவரின் பதிப்புரிமையை மீறும் என்றால் மட்டுமே அந்தப் பிரிவின் கீழ் மறுக்கலாம். வரைபடம் யாருக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும், நகராட்சிக்கே சொந்தம் என்ற ஷரத்து சகஜம். அந்த ஒப்பந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு மேல்முறையீட்டில் இணையுங்கள். சொத்துவரித் தரவிலிருந்து உரிமையாளர் பெயரும் கைபேசி எண்ணும் கேட்டால் மறுப்பார்கள், அது நியாயம். உங்களுக்கு அது தேவையுமில்லை.

கிடைத்ததை அப்படியே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றலாமா என்றால், கூடாது. தகவல் சட்டத்தில் பெற்றது படிக்கவும் பயன்படுத்தவும் கொடுத்தது. மறு வெளியீட்டு உரிமம் தனி. இந்திய அரசின் திறந்த தரவு உரிமத்தின் கீழ் வெளியானவற்றை மூலம் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். நகராட்சியிடம் ஒரு வரியில் எழுத்து அனுமதி வாங்கிவிட்டால் சிக்கலே இல்லை. கூகுள் வரைபடத்தின் மேல் தடம் பிடித்து வரைவதையும் தவிருங்கள், அவர்களின் விதிமுறை அதற்கு இடம் தரவில்லை.

இவ்வளவும் கையில் வந்தாலும் தண்ணீர் ஏன் தேங்குகிறது என்று வரைபடம் சொல்லாது, அதற்கு மட்டம் வேண்டும். இஸ்ரோவின் புவன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் உயரத் தரவை எடுத்து ஓட்டம் கணக்கிட்டுப் பார்க்கத் தோன்றும். அதில் உயரப் பிழையே சில மீட்டர் இருக்கும். 300 மீட்டர் நீளத் தெருவில் ஆயிரத்துக்கு ஒன்று சரிவில் கட்டிய வடிகாலின் மொத்த இறக்கமே 30 சென்டிமீட்டர்தான். அந்தத் தரவு இதற்கு உதவாது. பிரிவு 2(ஜே)-இல் சொன்ன நேரடிப் பார்வையிடலைப் பயன்படுத்தி, பொறியியல் பிரிவில் அந்தப் பணியின் எம்-புக்கையும் (செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகம்) லெவல் புக்கையும் (மட்டங்களை எழுதும் புத்தகம்) கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. ஒவ்வொரு இடத்திலும் வடிகாலின் அடிமட்டம் எழுதியிருக்கும் வரிகளை மட்டும் குறித்துக்கொண்டு வந்து, உங்கள் கோட்டின் மேல் வரிசையாகப் போடுங்கள். தண்ணீர் போக வேண்டிய திசையில் எந்த இடத்தில் அந்த எண் முந்தையதைவிட ஏறுகிறதோ, அங்கே ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, போன மழைக்குத் தேங்கிய இடங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.